வெள்ளிக் கொடியும் கறுப்புக் கயிறும்

அன்புள்ள அப்பா,

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீர்ந்தபாடில்லை. ஆனாலும் இன்று நடந்ததை வேறு யாரிடம் சொல்வேன்? அன்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறி வந்து நீங்கள் உட்கார்ந்திருந்தீர்களே, அதே ஸ்கேன் அறை வாசலில் இன்று தம்பி செந்தில் உட்கார்ந்திருந்தான்.

உங்களுக்கு வந்த அதே தலைவலி. காலையில் எழுந்ததும் வாந்தி. போர்வெல் மோட்டாரைக் கழற்றும்போது வலது கையிலிருந்து ஸ்பேனர் தானாக நழுவுகிறது என்று அம்மா போனில் சொன்னதுமே அவனை இங்கே கூட்டி வரச் சொன்னேன். இன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த அறைக்குள் உலோகம் எதுவும் போகாமல் பார்ப்பது என் பொறுப்பு. பிசிக்ஸ் படித்தவளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, இதுதான் வேலை. செந்திலிடம் முதலிலேயே கேட்டேன். "எல்லாங் கழட்டிட்டேனுங்க்கா" என்றான். சந்தேகம் போகாமல் இடுப்பில் கை வைத்துப் பார்த்தேன். அங்கிக்கு அடியில் வெள்ளி அரைஞாண் கொடி.

"என்னடா இது?"

"அப்பா கட்டி உட்டதுங்க்கா. இதெ மட்டும் உட்டுருங்க."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். மெஷின் உடம்புக்குள் ரேடியோ அலை அனுப்பும். இடுப்பைச் சுற்றியிருக்கும் வெள்ளி, நீ தினமும் சுற்றுகிற மோட்டார் காயில் மாதிரி. அதில் கரண்ட் ஓடும், சூடேறும், தோல் வெந்துபோகும். மோட்டார்காரனுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. ஆனாலும் கழற்றவில்லை. "வெந்தா வேகட்டுங்க்கா" என்றான்.

அன்று உங்கள் இடுப்புக் கொடிக்காக உங்களிடமும் இதே பாடத்தைத்தான் நடத்தினேன். "செத்தவன் இடுப்புலதான் அம்மிணி அதெ எடுப்பாங்க. நான் உசுரோடதான இருக்கறேன்?" என்று கேட்டீர்கள். முட்டாள்தனமான பிடிவாதம் என்று நினைத்தேன். நாலு பேர் முன்னால் அதைச் சொல்லவும் செய்தேன். நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தீர்கள். அதே வருஷம் மோட்டார் ரூம் வாசலில் விழுந்தீர்கள், எழவே இல்லை. உங்கள் தலைக்குள் என்னதான் இருந்தது அப்பா? நாங்கள் பார்க்கவே இல்லையே.

"சேச்சி, ஆக்சிடென்ட் கேஸ் ஒண்ணு வருது. அவங்க வர்றதுக்கு முன்னாடி இவரெ முடிக்கணும். இல்லன்னா நாளைக்குத்தான்" என்றான் மலையாளி டெக்னீஷியன். வெளியே ஓடிப்போய் அம்மாவிடம் கத்தினேன். உன் மகனும் அப்பா மாதிரியே போகப்போகிறான் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அம்மா அழவில்லை. "இடுப்பு வெறுமையா இருக்கக்கூடாதுன்னுதான அவன் பயப்படறான்? புதுசெக் கட்டிப்போட்டுத்தான அம்மிணி பழசெ எடுக்கோணும். ஓடிப்போயி கறுப்புக் கவுறு ஒண்ணு வாங்கிட்டு வா" என்றாள்.

அவ்வளவுதான் அப்பா. நம் வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் அரைஞாண் கயிறு மாற்றும்போது நடப்பதுதான். பருத்திக் கயிற்றில் கரண்ட் ஓடாது என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கும் அம்மா இதே வாசலில் சோற்றுப் பையோடு உட்கார்ந்திருந்தாளே. அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால்?

எதிர்க்கடையில் வாங்கிய கயிற்றில் ஜரிகையோ மணியோ இருக்கிறதா என்று இழை இழையாகப் பிரித்துப் பார்த்தேன். உடை மாற்றும் அறையில் அம்மாதான் கட்டிவிட்டாள். முடிச்சு விழுந்த பிறகு செந்தில் தானே கொக்கியை விடுவித்துக் கொடியை என் கையில் வைத்தான். "பத்தரமா வெச்சிருங்க்கா" என்றான்.

இருபது நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூளையின் இடது பக்கம், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. மூளையின் மேலுறையை ஒட்டித்தான் இருக்கிறது, எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். கை பழையபடி ஆகுமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். நாளைக் காலை ஆபரேஷன்.

உங்கள் மேல் கோபம் என்று தொடங்கினேன். அது பொய். என் மேல்தான் கோபம். நீங்கள் பயந்துபோய் இருந்தீர்கள், நான் கரண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

என் மேசை டிராயரில் கறுப்புக் கயிறு ஒரு கட்டு வாங்கி வைத்துவிட்டேன். இனிமேல் கொடியோடு அந்த வாசலுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், கழற்றச் சொல்வதற்கு முன்னால் கயிற்றை நீட்டுவேன். நாளை செந்தில் கண் விழித்ததும் நீங்கள் கட்டிய வெள்ளிக் கொடியை அவனுடைய வலது கையில்தான் கொடுப்பேன். நழுவாமல் பிடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன்.

அன்று ஒரு கயிறு வாங்கி வரத் தோன்றாமல் போன,
உங்கள் அம்மிணி