எத்தனை பிரசவம் என்று கேட்டேன்

மே 3, சனி

ஊருக்கு வந்துவிட்டேன். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் அப்பா வண்டியோடு நின்றிருந்தார். வழியெல்லாம் அதே கேள்வி. "மானுடவியல்னா கடைசியில என்ன வேல கண்ணு தருவாங்க?" இரண்டு வருடமாகப் படிக்கிறேன், எனக்கே பதில் தெரியவில்லை. மனுசங்களப் பத்திப் படிக்கிறதுப்பா என்றேன். "அதுக்கு எதுக்கு மெட்ராசு? இங்க மனுசங்க இல்லியா?"

அண்ணி பிரியதர்ஷினிக்கு எட்டாம் மாதம் முடியப்போகிறது. அவளுக்குத் தாய் இல்லை; பிரசவம் பார்ப்பது எங்கள் வீட்டில்தான். அண்ணன் ஓசூர் கம்பெனியில். வார லீவுக்குத்தான் வருகிறான்.

மே 5, திங்கள்

விடுமுறை வேலை: ஊரில் பத்து வீடுகளின் வம்சாவளிப் படம் வரைய வேண்டும். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். எங்கள் பேராசிரியை நிர்மலா மேடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்: "எத்தனை பிள்ளைகள்னு கேக்காதீங்க. எத்தனை பிரசவம்னு கேளுங்க."

நாளைக்கு எங்கள் வீட்டிலேயே ஒத்திகை.

மே 6, செவ்வாய்

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அம்மா பாலக்கோடு மார்க்கெட்டுக்கு அனுப்பத் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டாகத்தான் கேட்டேன். எத்தனை பிரசவம்மா?

"மூணு."

அண்ணனும் நானும்தானே? தப்பாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"நடுவுல ஒண்ணு. பொட்டப்புள்ள."

"செத்துப் பொறந்துச்சா?"

"உங்கப்பாகிட்ட அப்பிடித்தான் சொன்னேன். அவரு அப்ப பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போயிருந்தாரு."

"அப்பறம் என்னாச்சு?"

"பால் குடுக்கல."

கை நிற்கவே இல்லை. நல்லது ஒரு கூடை, அடிபட்டது ஒரு கூடை.

யார் குடுக்க வேணாம்னு சொன்னது என்று கேட்டேன். யாராவது ஒருவர் பெயர் வர வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன்! "யாரும் சொல்லல. நான்தான்."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். நான் பிறந்ததும் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய் தர்மபுரியில் தொட்டிலில் போட்டுவிட்டாராம். பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், இங்கே விட்டுவிடுங்கள் என்று அரசாங்கம் வைத்திருந்த தொட்டில். "நான்தான் போயித் தூக்கியாந்தேன்."

அப்பாவுமா?

மே 7, புதன்

அம்மா போட்ட சோறு இறங்கவில்லை.

மே 9, வெள்ளி

அப்பா மோட்டார் போடப் போகும்போது பின்னாலேயே போனேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "என்னத் தொட்டில்ல போட்டீங்களாப்பா?"

சுவிட்ச் பெட்டியைப் பார்த்தபடியே நின்றார்.

"உனக்கு முந்திப் பொறந்த பாப்பா பத்தி உங்கம்மா சொன்னத நான் நம்பல கண்ணு. கேக்கவும் தைரியம் வரல. நீயும் பொட்டப்புள்ளன்னதும் பயந்துட்டேன். எங்கியோ ஒரு வூட்ல உசுரோட இருக்கட்டும்னு போட்டேன்."

"அப்பறம் அம்மா கொண்டாந்தாங்களே?"

"பால் கட்டிக்கிச்சு. அழுதுகிட்டே பஸ் ஏறிப் போயிட்டா. தூக்கியாந்து மடியில போட்டுப் பால் குடுத்தா. அதோட நான் ஒண்ணும் கேக்கல."

"இத்தன வருசமாவா?"

"ம்."

பயத்தில் என்னை விட்டுவிட்டு வந்தவர். அந்தப் பயத்தோடவே அதே வீட்டில் இருபது வருடம். என்ன வீடு இது?

மே 12, திங்கள்

கத்திவிட்டேன். அண்ணி செக்கப்புக்குப் போயிருந்த நேரம்.

"என்ன ஏம்மா தூக்கியாந்த? அவள ஏன் வுட்ட?"

ஏழ்மை, ஊர் வழக்கம், அந்தக் காலம்... புத்தகத்தில் உள்ள காரணம் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அவ மூஞ்சிய நான் பாக்கல. உன்னியப் பாத்துட்டேன்."

அவ்வளவுதானா? ஒரு பார்வையில்தான் நான் இருக்கிறேனா?

மே 20, செவ்வாய்

வேறு வீடுகளுக்குப் போகத் தொடங்கினேன். எதிர்வீட்டுத் தங்கம்மாள் அக்காவிடம் கேட்டேன். "ரெண்டு பிரசவம், ரெண்டு புள்ள." சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நிஜமாகவே இரண்டுதான் இருக்கும். ஆனால் இனி யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

ஜூன் 1, ஞாயிறு

அண்ணி சொல்கிறாள், "அத்தை மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்க கோகிலா." உண்மைதான். அண்ணி காலுக்கு அம்மா எண்ணெய் தேய்த்துவிடுகிறாள், கீரை தேடி அலைகிறாள்.

சொல்லிவிடலாமா? சொன்னால் அண்ணி எங்கே போவாள்? சொல்லாமல் இருந்து ஏதாவது— சீச்சீ. பெத்த அம்மாவப் பத்தி என்ன எழுதிட்டு இருக்கேன் நான்?

காலேஜ் திறந்தாலும் பிரசவம் முடிந்துதான் போவேன்.

ஜூன் 10, செவ்வாய்

விடியற்காலையில் அண்ணிக்குக் குழந்தை பிறந்தது. பெண்.

அண்ணன் எல்லோருக்கும் போன் போட்டுக் கத்துகிறான், அவ்வளவு சந்தோஷம். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அம்மா வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாங்கத்தை, வந்து வாங்கிக்குங்க" என்றாள் அண்ணி. அம்மா அசையவில்லை. அண்ணி மறுபடி கூப்பிட்டாள். அப்போதுதான் அம்மா என்னைப் பார்த்தாள். என் அனுமதிக்காக நிற்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நானே அவள் கையில் கொடுத்தேன். முகத்தில் துணி விழுந்திருந்தது, ஒதுக்கிவிட்டேன். "பாரும்மா" என்றேன்.

பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கேன்டீனுக்கு வா, காபி குடிச்சிட்டு வரலாம் என்று அப்பா கூப்பிட்டார். நீங்க போயிட்டு வாங்கப்பா என்றேன்.