கொள்ளிடம் பக்கம் போனேன்

நேற்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் புது போன் வாங்கினேன். பழையதில் இருந்ததையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் ஓரிடத்தில் நிறுத்தினார். "மேடம், இது ஒண்ணு மட்டும் புதுசுல ஏற மாட்டேங்குது. முக்கியமானதுங்களா?" எட்டிப் பார்த்தேன். நீ செய்த விளையாட்டு. "பரவாயில்லைங்க" என்றேன். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. அன்று நான் அழவில்லை. உன் வீட்டுக்காரருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். வாசலில் இடறிக்கொண்டிருந்த செருப்புகளை ஜோடி சேர்த்து ஓரமாக ஒதுக்கினேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மறுநாளைக்கு மாவு அரைத்தேன். இன்றுவரை அப்படியேதான் இருக்கிறேன்.

ஆபீஸ் போய் வந்த நேரம் போக, இரண்டு வருடம் தனியாக உட்கார்ந்து அந்த விளையாட்டைச் செய்தாய். துப்பாக்கி கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆடுகிறவர்தான் ஆற்றுத் தண்ணீர். முசிறியில் தொடங்கி, போனைச் சாய்த்துச் சாய்த்து இறங்கி வர வேண்டும். முக்கொம்பில் வலப்பக்கம் சாய்த்தால் காவிரி, இடப்பக்கம் சாய்த்தால் கொள்ளிடம். வாழைத் தோட்டத்துக்குள் புகுந்தால் தோட்டம் பச்சையாகும், நாம் சிறுத்துப்போவோம். அசையாமல் நின்றால் மணல் குடித்துவிடும். பிறகு மறுபடி முசிறி.

சத்தங்களையெல்லாம் நீயே கரையில் நின்று பதிவு செய்தாய். ஜீயபுரத்தில் துணி துவைக்கும் சத்தம். அம்மா மண்டபத்துப் படியில் "வழுக்கும், பாத்து" என்று ஒரு குரல். அது உன்னுடையது.

என் மகள் ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, "இதுல எப்படிம்மா ஜெயிக்கிறது?" என்று கேட்டாள். உன்னிடம் சொன்னபோது, "கடலுக்குப் போனா ஜெயிச்ச மாதிரி. ஆனா கடலை நான் இன்னும் செய்யலைன்னு சொல்லு" என்றாய்.

"நீ குறையைச் சொல்லுடி. பாராட்டறதுக்கு எங்க வீட்டுக்காரர் இருக்கார்" என்றும் சொன்னாய். நான் எழுத்து சின்னது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். உண்மையில் நான் பாதிதான் ஆடியிருந்தேன். ஒவ்வொரு முறையும் வலப்பக்கம்தான் சாய்ப்பேன். தோட்டம், படித்துறை, ஆட்கள் எல்லாம் காவிரியில் இருந்தன. கொள்ளிடத்தில் என்ன இருக்கும், மணல்தானே என்று ஸ்ரீரங்கத்துக்காரியாக நினைத்துக்கொண்டேன்.

"கொள்ளிடம் பக்கம் போனியா?" என்று மூன்று முறை கேட்டாய். மூன்றாவது முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு.

"போனேன்டி. நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா? சரி" என்று சிரித்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை.

நேற்று கடையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பழைய போனை எடுத்து ஆடினேன். பாலத்தின் மேல் டிரைவர் பிரேக் போட்டார். பக்கத்தில் இருந்த அம்மாளின் கூடை என் கையை இடித்தது. போன் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது.

கொள்ளிடத்தில் மணல்தான் இருந்தது. ஆள் இல்லை, சத்தம் இல்லை, திரை முழுக்க ஒரே நிறம். திருவானைக்கோவில் தாண்டியும் அதே மணல். போனை மூடியிருப்பேன், மூடுவதற்கும் தோன்றவில்லை. அப்போது ஒரு திட்டில் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. நீலப் பட்டை.

கல்லூரி இரண்டாம் வருடம் முக்கொம்புக்குப் போனோமே, அன்று என் புதுச் செருப்பில் ஒன்றைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. இன்னொன்றைப் பிடுங்கி நீயும் வீசினாய். "ஒத்தைச் செருப்பை வச்சு என்னடி பண்ணுவே? எடுக்கறவங்களுக்காவது ஜோடியா கிடைக்கட்டும்!" வெறுங்காலோடு தார் ரோட்டில் பஸ் ஸ்டாப் வரை குதித்துக் குதித்து நடந்தேன். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அந்தச் செருப்பைத்தான் அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாய். அங்கே போயிருந்தால் நான் உடனே உன்னைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பேன். நான் திட்டவில்லை. நான் போகவில்லை என்று அப்போதே உனக்குத் தெரிந்திருக்கும்.

கை அசையவில்லை. திரையில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக மணலுக்குள் இறங்கியது.

"அம்மா, கடைசி ஸ்டாப்பு. இறங்கலையா?" என்றார் கண்டக்டர்.

குறை கேட்டாயே, இப்போது சொல்கிறேன். கொள்ளிடம் ரொம்ப நீளம். மணிக்கட்டு வலிக்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது. துவைக்கிற சத்தத்தில் ஐந்தாவது அடி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிசகுகிறது. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். செருப்பு இருக்கும் இடத்தில் நிற்க முடியவில்லை, அது ஒன்றுதான் பெரிய குறை. அங்கேயாவது மணல் குடிக்காமல் விட்டிருக்கலாம்.

இன்று காலையும் முசிறியிலிருந்து தொடங்கி, முக்கொம்பில் இடப்பக்கம் சாய்த்தேன். போனேன்டி. நன்றாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

பழைய போனில் பேட்டரி நிற்பதில்லை. "அதான் புதுசு வாங்கியாச்சே, அது எதுக்கு?" என்கிறாள் மகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறேன்.