பசுவுக்குத் தண்ணீர் காட்டவும்

காலை 9.15, வெளியே 44 டிகிரி
கீழமுனை கடல் கண்காணிப்புக் கூண்டு. பதிவு செய்வது பிலோமி, கடலுயிர் ஆய்வாளர். வெப்ப ஊரடங்கு தொடங்கிவிட்டது. வெயிலில் யாரும் சாகக் கூடாதென்று கரையோரக் கதவுகள் எல்லாவற்றையும் கட்டுப்பாட்டு மையத்தின் கணினி பூட்டிவிட்டது. இனி மாலை ஆறுக்குத்தான் திறக்கும். கடலில் ஓங்கல் என்கிற டால்பின் ஒரு கூட்டம், ஆமை ஒன்று. தேநீர் சுமார்.

11.00, 47 டிகிரி
கடல்பசு! தாயும் குட்டியும், கடற்புல் மேய வந்திருக்கின்றன. மூன்று வருடமாக இந்தப் பக்கம் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினேன்.

11.20
கைதட்டியது போதும். பாறையில் சிக்கிக் கிடந்த பழைய வலையில் தாயின் வாலும் முன்துடுப்புகளும் மாட்டிக்கொண்டன. இடுப்பளவு தண்ணீர்தான், வெளியே விட்டால் ஓடிப்போய் அறுத்துவிடுவேன். ஆனால் கடல் ஏறுகிறது. இன்னும் ஏறினால் அதன் மூக்கு மேலே எட்டாது. கடல்பசு சிக்கியிருக்கிறது, கதவைத் திற என்று மையத்திடம் கேட்டேன்.

11.26
"இடம்: கடல். பொருள்: பசு. உரிமையாளர் பெயரைச் சொல்லவும்."
இதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

11.40
கடல்பசுவை இந்த ஊரில் அழைக்கும் பெயரைச் சொல்லிப் பார்த்தேன்: ஆவுளியா.
"ஆவுளியா என்ற பெயரில் குடிமக்கள் பதிவு இல்லை."
வயர்லெஸ்ஸில் படகுக்காரர் சவரிமுத்துவைக் கூப்பிட்டேன். "எங்க வீட்டுக் கதவும் பூட்டித்தான் கெடக்கு மேடம். கோடாலிய வச்சு அடிச்சும் பாத்துட்டேன், அசையல. மூச்சு எடுக்குதா, அதச் சொல்லுங்க."
எடுக்கிறது. மூக்கு நுனி மட்டும் தெரிகிறது.

12.05
நாற்காலியால் கண்ணாடியை அடித்தேன். நாற்காலிதான் உடைந்தது.
பொய் சொன்னேன். ஆவுளியா ஒரு பெண், கைக்குழந்தையோடு மூழ்குகிறாள் என்றேன். பூட்டு கிளிக் என்றது, ஆனால் கதவு இன்னும் நகரவில்லை. கத்தியோடு கதவடியில் நின்றேன்.
"கேமராவில் சரிபார்க்கப்பட்டது. பெண் இல்லை. பசுவும் இல்லை."
மறுபடி பூட்டிக்கொண்டது.

12.30 இருக்கும்
மூக்கு தெரியவில்லை. குட்டி மட்டும் மேலே வருகிறது, மூச்செடுக்கிறது, கீழே போகிறது. "எடுக்குதா மேடம்? மேடம்?" என்று சவரிமுத்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மாலை 6.00
"உங்கள் பசு குறித்த ஆலோசனை: நிழலில் மாற்றிக் கட்டவும். தண்ணீர் காட்டவும். குறை தீர்ந்ததா? ஆம், இல்லை."
கதவு தானாகத் திறந்துவிட்டது. கத்தி இன்னும் என் கையில்தான் இருக்கிறது. தண்ணீர் வடிந்து தாயின் முதுகு தெரிகிறது, அசைவில்லை. குட்டி போகவில்லை. பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு பால் குடிக்கப் பார்க்கிறது.