மெஷின் மேல போட்ட பழி

என்னங்க,

நீங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். குழம்பு அடுப்பு மேல இருக்கு, சுட வச்சுச் சாப்பிடுங்க. நம்ம பெரியவ தூங்குறா, எழுப்பாதீங்க. தானா எழுந்ததும் தலை வலிக்குதான்னு மட்டும் கேளுங்க.

எட்டாம் மாசத்துல கால் வீங்குறது சகஜம்னு நேத்து என் வாயை அடைச்சீங்க. "நர்சுக்கு வீட்ல எல்லாருமே நோயாளிதான்"னு சிரிக்க வேற செஞ்சீங்க. காலையில அவளுக்கு பிரஷர் நூத்தி எழுபது காட்டுச்சு. மெஷின் பழசு, தப்பாக் காட்டுதுன்னு அவகிட்ட சொல்லிட்டேன். ஊரார் வீட்டுப் பொண்ணா இருந்தா அப்படிச் சொல்லியிருப்பேனா?

செருப்பு மாட்டின பிறகும் மனசு கேக்கல. அதே மெஷினை என் கையில சுத்திப் பார்த்தேன். நூத்தி இருபது. மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க.

மேல எழுதினதை விடுங்க. அவளை எழுப்பிட்டேன். கண்ணு மங்கலாத் தெரியுதுங்கிறா. வண்டி வாசல்ல நிக்குது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். மாப்பிள்ளைக்கு நீங்களே சொல்லிடுங்க, எனக்கு வாய் வரல.

குழம்பை மட்டும் விட்டுடாதீங்க. வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு வாங்க. அவளுக்கும் உங்களுக்கும் ஒரே பிளட் குரூப்.