கைமாற்றாக ஓர் ஓட்டு

பட்டறை,
மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்கள், பாப்பா, பேரன் மூவரும் சுகம்தானே. கடிதம் வீட்டுக்கு வராமல் ஆஸ்பத்திரி லேபுக்கு வந்திருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். வீட்டுக்கு அனுப்பினால் பாப்பா பிரித்துவிடுவாள். போனில் பேசலாம் என்றால் உங்கள் அத்தை பக்கத்திலேயே நிற்பாள். அவள் காதில் விழுந்தது அன்று சாயங்காலமே பாப்பாவுக்குப் போய்விடும். தவிர, நாம் பேசப்போவது எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாரும் பேச்சு மாற முடியாது. தப்பாக நினைக்காதீர்கள்.

விஷயம் தேர்தல். இங்கே மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவர் ரோடு கான்ட்ராக்டர். அவர் ஜெயித்தால் புது ரோடு எங்கள் பட்டறை வரிசையின் மேல்தான் வரும். அளவெடுத்துக் கல்லே நட்டுவிட்டார்கள், ஒரு கல் என் வார்னிஷ் தொட்டியையும் தாண்டிப் பட்டறைக்குள் நிற்கிறது. இன்னொருவர் உங்கள் கட்சி நர்ஸம்மா. ரோட்டை ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவேன் என்று மைக்கில் சொல்லியிருக்கிறார். மூன்றாமவர் எங்கள் கட்சி வாத்தியார். தங்கமான மனிதர், ஆனால் ஜெயிக்க மாட்டார். இதை நான் எழுதினேன் என்று வெளியே தெரிந்தால் கட்சியில் என்னை உட்காரவிட மாட்டார்கள்.

போன தடவையும் இதே கதைதான். உங்கள் கட்சி பாதி, எங்கள் கட்சி பாதி என்று ஓட்டைப் பிரித்துக்கொண்டோம். கான்ட்ராக்டரின் அண்ணன் நடுவில் புகுந்து ஜெயித்துவிட்டுப் போனார். இந்தத் தடவையும் அப்படி நடந்தால் நான் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுவது நடுரோட்டில்தான்.

ஆகவே என் ஓட்டை நர்ஸம்மாவுக்குப் போடலாம் என்று இருக்கிறேன். ஆனால் ஓட்டு வயது வந்ததிலிருந்து எங்கள் கட்சியைத் தவிர வேறு எதையும் தொடாத கை இது. என்னால் கட்சிக்கு ஓர் ஓட்டு குறையக் கூடாது. உங்கள் ஊரில் உங்கள் கட்சி கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும். உங்கள் ஓர் ஓட்டை அங்கே எங்கள் கட்சிக்குப் போட்டுவிடுங்கள். கைமாற்றுதான். நீங்கள் அங்கே கொடுங்கள், நான் இங்கே கொடுக்கிறேன்.

நம்பலாமா என்று மட்டும் எழுதுங்கள். போன தேர்தலில் நாங்கள் தோற்ற மறுநாள் ஒரு சீட்டுகூட வைக்காமல் ஸ்வீட் பெட்டி அனுப்பியவர் நீங்கள் என்பதை நான் மறக்கவில்லை.

அன்புடன்,
மாமா

---

லேப்,
மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. ரத்த சாம்பிள் குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். கூட வேலை செய்கிறவர் “என்ன சார், வீட்ல ஏதாவது பிரச்சனையா?”ன்னு கேட்டார். “மாமனார் கடன் கேக்கறார்”னு சொல்லிவைத்தேன்.

அந்த ஸ்வீட் சத்தியமாகத் தேர்தலுக்காக அனுப்பியது இல்லை. உங்கள் பேரனுக்கு முதல் பல் முளைத்ததற்கு. பெட்டிக்குள் சீட்டு வைக்க மறந்தது என் தப்பு.

ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சம்மதம். ஆனால் மாமா, நம்பலாமா என்று நீங்கள் கேட்டதால் நானும் கேட்கிறேன். கல்யாணப் பந்தலிலேயே என் சட்டைப் பையில் உங்கள் கட்சிக் கொடியைச் செருகியவர் நீங்கள். திரைக்குப் பின்னால் போய் நின்றதும் பழைய பாசம் வந்து கை வழுக்காதா? அதோடு உங்கள் ஓர் ஓட்டு மாறினால் நர்ஸம்மா ஜெயித்துவிடப் போவதில்லை. உங்கள் தெருவில் நீங்கள் சொன்னால் கேட்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்களையும் திருப்பினால்தான் பட்டறை பிழைக்கும்.

உங்கள் பாப்பாவிடம் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் நம் கைமாற்றைவிட அவள் கட்சி எது என்பதுதான் பெரிய ரகசியம். இதுவரை எனக்குச் சொன்னதில்லை.

அன்புடன்,
மாப்பிள்ளை

---

பட்டறை,
மார்ச் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பல்லுக்கு ஸ்வீட் என்பது நம்பும்படி இல்லை. போகட்டும்.

நீங்கள் சொன்னபடி தெருவைத் திருப்பினேன். பட்டபாடு கொஞ்சமல்ல. பிளம்பரிடம் போனால், “அண்ணே, அந்தப் பக்கத்துல எவ்வளவு கொடுத்தாங்க?”ன்னு கேட்டுட்டான். என் முகத்தைப் பார்த்து என் பட்டறையிலேயே நின்று கேட்கிறான்! செருப்புத் தைப்பவர் எல்லாம் கேட்டுவிட்டு, “உங்க மாப்பிள்ளை அந்தக் கட்சிதானே?” என்று மட்டும் சொன்னார். அது பிளம்பர் கேட்டதைவிட மோசம். இஸ்திரிக்காரர்தான் முதலில் தலையாட்டினார். அவர் வண்டி நிற்கும் இடத்திலும் ஒரு கல் நட்டிருக்கிறார்கள்.

கடைசியில் ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள். எங்கள் சாவடியில் வாத்தியாருக்கு விழுகிற ஓட்டெல்லாம் எங்கள் தெரு ஓட்டுதான், வேறு ஆள் கிடையாது. அத்தனையும் நர்ஸம்மாவுக்குப் போகும். வாத்தியார் நேற்று பட்டறைக்கு வந்து என் கையைப் பிடித்து, “நீங்க இருக்கீங்க, எனக்கு என்ன கவலை”ன்னு சொல்லிட்டுப் போனார். ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

“ஏன் சாப்பிடல?” என்று உங்கள் அத்தை துளைத்தாள். வெயில் என்று சொன்னேன். வீட்டில் இதுவரை மூச்சு விடவில்லை.

நான் இவ்வளவு செய்கிறேன். நீங்கள் ஒன்றே ஒன்று செய்ய வேண்டும். அது எனக்கு நினைவிருக்கும்.

அன்புடன்,
மாமா

---

பட்டறை,
ஏப்ரல் 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஓட்டுப் போட்டு ஒரு வாரம் ஆகிறது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். நர்ஸம்மாவின் பட்டனை அமுக்கும்போது யாரோ என்னைப் பார்ப்பது போலிருந்தது. அமுக்கிவிட்டு வெளியே வந்து, வாசலில் நின்ற வாத்தியாரைப் பார்க்காமல் நடந்துவிட்டேன்.

நீங்கள் போட்டீர்களா? ‘போட்டேன்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

பாப்பாவிடம் நேற்றுப் போனில் பேச்சுவாக்கில், உங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த அறையில் ஓட்டு என்று கேட்டேன். சந்தேகமே இல்லாமல் சொன்னாள். அவள் என் பெண், கேட்டால் சொல்வாள்.

மாமா

---

லேப்,
ஏப்ரல் 22

அன்புள்ள மாமாவுக்கு,

போட்டேன்.

தேர்தல் முடிந்த கையோடு லேபில் காய்ச்சல் கூட்டம். தலைநிமிர நேரமில்லை. அதுதான் தாமதம், வேறு ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை

---

பட்டறை,
மே 6

மாப்பிள்ளைக்கு,

நர்ஸம்மா ஜெயித்துவிட்டார், உங்களுக்குத் தெரிந்திருக்கும். கான்ட்ராக்டரின் ஆட்களே இரவோடு இரவாக வந்து கல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். தெருவில் பட்டாசு. பிளம்பர் என்னைத் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பட்டறை பிழைத்தது. இதை நான் சந்தோஷமாக எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் எங்கள் கட்சி ஏஜென்டைப் பிடித்து, சாவடிவாரியாக விழுந்த ஓட்டை விசாரித்தேன். நீங்கள் ஓட்டுப் போட வேண்டிய அந்தப் பள்ளிக்கூடம், அந்த அறை. எங்கள் கட்சிக்கு அங்கே விழுந்தது பூஜ்யம். ஒன்று கூட இல்லை. திரும்பப் பார்க்கச் சொன்னேன். “பூஜ்யத்த எத்தனை தடவை பாத்தாலும் பூஜ்யம்தான் சார்” என்கிறார்.

நான் வாத்தியாரின் முகத்தைப் பார்க்க முடியாமல் தெரு மாறி நடக்கிறேன். நீங்கள் ஒற்றை வார்த்தையில் ‘போட்டேன்’ என்று எழுதி என்னை முட்டாளாக்கிவிட்டீர்கள். பாப்பாவும் அப்பா கட்சிக்குப் போடவில்லை என்பதும் அந்தப் பூஜ்யத்தில்தான் இருக்கிறது. அது வேறு வலி. அவள் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை, அவளைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. நீங்கள் கொடுத்தீர்கள்.

லீவுக்குப் பாப்பாவையும் பேரனையும் மட்டும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

---

லேப்,
மே 13

அன்புள்ள மாமாவுக்கு,

‘மாமா’ என்று போடும் இடத்தில் ‘பாப்பாவின் அப்பா’ என்று எழுதியிருந்ததைப் பலமுறை படித்தேன். அந்த வார்த்தைக்கு நான் என்ன செய்தேன்?

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போடவே இல்லை. ஆஸ்பத்திரி ஆட்களை இந்தத் தடவை தேர்தல் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அன்று முழுக்க வேறு ஒரு சாவடியில் உட்கார்ந்து மற்றவர்கள் விரலில் மை வைத்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தபால் ஓட்டு. உறையில் போட்டு முன்கூட்டியே கொடுத்துவிட்டோம். அதைத் தனியாக எண்ணுவார்கள், எந்தச் சாவடிக் கணக்கிலும் வராது. உங்கள் கட்சிக்குத் தபாலில் சில ஓட்டு விழுந்திருக்கிறது. அதில் ஒன்று என்னுடையது. எது என்று காட்ட என்னிடம் வழியில்லை.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தபால் ஓட்டு என்று சொன்னதுமே, ‘யார் கண்ணுக்கும் தெரியாத ஓட்டா, வசதிதான்’ என்று எழுதுவீர்கள். ஸ்வீட் பெட்டியையே இன்னும் விடாதவர் நீங்கள்.

நீங்கள் விசாரித்ததால் நானும் விசாரித்தேன். உங்கள் ஊரில் இருக்கும் எங்கள் கட்சி ஏஜென்டைப் பிடித்தேன். உங்கள் சாவடியில் வாத்தியாருக்கு ஒரே ஓர் ஓட்டு விழுந்திருக்கிறது. தெரு முழுவதும் உங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறது, ஒருவரைத் தவிர. பழைய பாசத்தில் கை வழுக்கும் என்று நான் முதலிலேயே எழுதினேன்.

அது யார் என்று நான் கேட்கவில்லை. லீவுக்கு அவர்கள் இருவரும் வருவார்கள்.

மாப்பிள்ளை

---

வீடு,
மே 21

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து தெருவில் எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். பிளம்பர் சத்தியம் செய்தான். செருப்புத் தைப்பவர், “நானா? ஒரு கல்ல என் பெட்டி வைக்கிற எடத்துலதான நட்டாங்க”ன்னார். இஸ்திரிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “வீட்ல கேட்டீங்களா?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளை, தெருவுக்கே சொன்னவன், உங்கள் அத்தையிடம் சொல்லவே இல்லை. பாப்பாவுக்குப் போய்விடும் என்று உங்களோடு சேர்ந்து மறைத்து மறைத்து, அவளுக்கும் ஓர் ஓட்டு இருக்கிறது என்பதே என் புத்தியில் வரவில்லை. கல்யாணமானதிலிருந்து நான் போடுவதற்குத்தான் அவளும் போடுவாள் என்று ஒரு நினைப்பு. ஓட்டுப் போட அன்று காலையில் சேர்ந்துதான் போனோம், சேர்ந்துதான் வந்தோம்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்:

“இஸ்திரிக்காரர்கிட்ட சொன்னீங்க. பிளம்பர்கிட்ட சொன்னீங்க. எனக்குச் சொல்லணும்னு தோணலையா?”

“நீ பாப்பாகிட்ட சொல்லிடுவேன்னுதான்...”

“சரி. அப்ப அந்த ஓட்டு என்னோடதுன்னே வெச்சுக்கோங்க.”

“வெச்சுக்கறதா? போட்டியா இல்லையா, அதைச் சொல்லு.”

“அதைத்தான் சொல்ல மாட்டேன். திரை எதுக்குக் கட்டியிருக்காங்க?”

அதற்கப்புறம் எவ்வளவு கெஞ்சியும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் யாருக்குப் போட்டாள் என்றுகூட இப்போது எனக்கு நிச்சயமில்லை. பக்கத்தில் படுத்திருப்பவளைப் பற்றியே எனக்குத் தெரியவில்லை, நான் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் துப்பறிந்துகொண்டிருந்தேன்.

அந்த ஒன்று என்னுடையது இல்லை. நான் நர்ஸம்மாவுக்குத்தான் போட்டேன். இதைக் காட்ட என்னிடமும் வழியில்லை. உங்களுக்கு ஓர் உறை, எனக்கு உங்கள் அத்தை, இரண்டும் வாயைத் திறக்காது. உங்கள் தபால் ஓட்டை நான் நம்புகிறேன். நீங்களும் என்னை நம்பிவிடுங்கள். பாதி மனதோடு நம்பினாலும் போதும், நானும் இப்போதைக்கு அவ்வளவுதான்.

மூன்று பேரும் வாருங்கள். நீங்கள் வராவிட்டால் இவள் என்னை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டாள் போலிருக்கிறது. வரும்போது ஸ்வீட் வாங்கி வாருங்கள், எதற்கு என்று கேட்க மாட்டேன். பேரனுக்கு ஒரு பழைய டேபிள் ஃபேனுக்குப் புதுக் கம்பி சுற்றி ஓட வைத்திருக்கிறேன்.

கடிதத்தை இந்தத் தடவை உங்கள் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன். பாப்பா பிரித்தால் பிரிக்கட்டும். உறையை ஒட்டும் முன் உங்கள் அத்தைக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன்.

அன்புடன்,
மாமா