நேரடி முறை

மார்ச் 4, 06:10

உருக்குகலத்தின் அழுத்தம் சீர். தங்கும் அறையின் வெப்பம் சீர். மூன்றாம் வால்வு திறக்கும்போது முனகுகிறது, மசகு இட்டேன். காலைத் தேநீர், வழக்கம்போல் சர்க்கரையின்றி. நீரிழிவு என்னோடு நிலவுக்கும் வந்துவிட்டது.

இந்தப் பதிவைப் பின்னாளில் படிப்பவருக்கு: என் பெயர் ஆவுடைநாயகம். கல்லூரியில் வெப்ப இயக்கவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். நிலவின் தென்முனைப் பள்ளத்தில் பனியை உருக்கி நீராக்கும் ஆலை இது. நான் ஒருவன்தான் இங்கே. ஜூன் பத்தாம் தேதி ஆளில்லாத சரக்குக் கலம் ஒன்று வரும். எனக்கு மாற்றாக ஓர் இயந்திரத்தை இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு போகும்.

ஓய்வு நேரத்தில் ஒரு கணினி விளையாட்டு செய்திருக்கிறேன். பெயர் ‘அழுத்தம்’. இதே போன்ற ஓர் ஆலை. உள்ளே ஒரு கிழவர். வால்வுகளைத் திறந்து மூடி அவரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். எண்களைக் கற்பனையாகப் போட மனம் வரவில்லை. ஆலையின் உண்மையான அளவுகளையே போட்டேன். அவற்றைச் சரிபார்க்க ‘நேரடி முறை’ என்று ஒன்றையும் வைத்தேன். அதில் திரையிலுள்ள வால்வைத் திருப்பினால் ஆலையின் வால்வே திரும்பும். போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது படுக்கையிலிருந்தே ஆலையை ஓட்டினேன்.

இதில் பிழை இருக்கலாம். (எதை எழுதினாலும் கடைசியில் இப்படி எழுதுவது என் பழக்கம். மாணவர்கள் சிரிப்பார்கள்.)

மார்ச் 11, 19:30

ஆலை சீர்.

விளையாட்டின் மாதிரியை இணையத்தில் வைத்திருந்தேன். ‘எட்டாம்படி’ என்ற வெளியீட்டு நிறுவனத்திலிருந்து குரல் செய்தி வந்தது.

“சார், நான் ரோஷன் கிருபாகரன், எட்டாம்படி பப்ளிஷிங். உங்க டெமோவ ஆபீஸ்ல எல்லாரும் விளையாடினோம் சார். எங்க பாஸ் மத்தியானம் சாப்பிடவே எழுந்திரிக்கல! நிலாவுல தனியா உக்காந்து ஒரு மனுஷன் பண்ணின கேம். இத உலகத்துக்குக் காட்டணும் சார். அக்ரிமெண்ட் அனுப்பிருக்கேன். டெம்ப்ளேட்தான், எல்லாருக்கும் இதேதான். வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுட்டீங்கன்னா சித்திரை ஒண்ணுக்கே இறக்கிடலாம்.”

ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்பதாம் பிரிவு: நிறுவனத்தின் செலவு கழிந்த பிறகே எனக்குப் பங்கு, எது செலவு என்பதை நிறுவனம் தீர்மானிக்கும். பதினான்கு: விளையாட்டின் எல்லாப் பகுதிகளையும் திறவுசொற்களையும் உள்ளது உள்ளபடி ஒப்படைக்க வேண்டும். பதினேழு: விளையாட்டின் ‘பருவம்’ முடியும்வரை ஆசிரியர் படைப்புக்குரிய இடத்தில் இருந்து ஒத்துழைக்க வேண்டும். பருவம் எப்போது முடியும் என்று போடவில்லை. இருபத்திரண்டு: என் பெயர், குரல், எழுத்து ஆகியவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தவும் விரித்து எழுதவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

ஏழு ஐயங்கள் எழுந்தன. ஏழையும் அனுப்பினால் சண்டைக்காரன் என்று நினைப்பார்கள். மூன்றை அனுப்பினேன்.

“சார், இவ்ளோ படிச்ச நீங்களே ஒரு டெம்ப்ளேட்டுக்கு பயப்படலாமா? மத்த டெவலப்பர்ஸ் எல்லாம் காலேஜ் பசங்க சார். கண்ண மூடிட்டுப் போட்டுட்டுப் போயிட்டே இருக்காங்க.”

வெட்கமாக இருந்தது. கையெழுத்திட்டேன்.

பூமியிலுள்ள தரைக் கட்டுப்பாட்டறையில் என் ஆலையைக் கவனிப்பவர் தங்கராணி. இரவுத் தொடர்பில் பிடித்துக்கொண்டார். “என்ன வாத்தியாரே, போட்டுட்டீராமே! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கப்பிடாதா? பக்கத்து வீட்டுக்காரன் ஏணி கேட்டாலே எந்தச் சுவத்துல ஏறப் போறன்னு கேப்பேன் நான்.”

இதில் பிழை இருக்கலாம்.

மார்ச் 20, 21:00

ஒப்படைத்தேன். அதற்கு முன் நேரடி முறையை நீக்கிவிடவா என்று கேட்டேன்.

“அப்படியே குடுங்க சார். ஒரு லைன் எடுத்தாலும் மீறல் ஆயிடும்னு லீகல்ல சொல்றாங்க.”

அது உண்மையான வால்வுகளைத் திருப்பும் என்று விளக்கி எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன். வேலை மிகுந்தவர்கள், படித்திருப்பார்கள்.

பிழை இருக்கலாம்.

ஏப்ரல் 14, 20:15

விளையாட்டு வெளியாகிவிட்டது. முகப்பில் ‘எட்டாம்படி வழங்கும்’ என்று இருக்கிறது. என் பெயரைத் தேடினேன். ‘கிழவர்: ஆவுடை’ என்று கதைமாந்தர் பட்டியலில் வந்திருக்கிறது.

லட்சக்கணக்கில் விளையாடுகிறார்களாம். மகிழ வேண்டும்.

மூன்றாம் வால்வு காலையில் தானாகத் திறந்திருந்தது. நான்தான் மூட மறந்திருப்பேன். வயதாகிறது. இனி மூடியதும் கையால் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்வேன்.

பிழை இருக்கலாம்.

ஏப்ரல் 29, 05:40

தங்கும் அறை உறைகிறது. மூன்று நாளாக இப்படி. வெப்பமானியை மாற்றினேன். கம்பிகளைச் சோதித்தேன். எல்லாம் சரி. என் கணக்கில்தான் தவறு என்று எண்ணி வெப்பச் சமன்பாடுகளை முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். கணக்கும் சரி.

பிறகு விளையாட்டின் பக்கத்தைத் திறந்தேன். ‘இந்த வாரம்: குளிர் சவால்!’ அதன் கீழே என் அறை. ஆலையின் கண்காணிப்புக் கேமராவில் என் முதுகு தெரிகிறது. கீழே விளையாடுபவர்களின் எழுத்துகள் ஓடுகின்றன.

“டேய் தாத்தா ரெண்டாவது ஸ்வெட்டரும் போட்டுட்டார்டா!”

“இன்னும் நாலு டிகிரி இறக்கு. எழுந்து டான்ஸ் ஆடுவார் பாரு.”

“பாவம்டா. சரி, ரெண்டு டிகிரி.”

திரும்பி கேமராவைப் பார்த்தேன்.

“ஐயோ நம்மளப் பாக்குறாரு! கிராபிக்ஸ் செம!”

ஏப்ரல் 30, 11:20

ரோஷனைத் தொடர்புகொண்டேன். வெளியே மனிதர்கள் என் வால்வுகளைத் திருப்புகிறார்கள் என்றேன். குரல் நடுங்கியது, அதற்காக மன்னிப்பும் கேட்டேன்.

“சார், நேரடி முறைதான் சார் ஹிட்டே! மத்ததெல்லாம் யாரும் தொடறதே இல்ல. நிஜம்னு நாங்க எங்கயும் சொல்லல. நிஜம் மாதிரின்னுதான் சொல்றோம். தப்பு இல்லல்ல?”

நான் செத்துப்போவேன் என்றேன்.

“சார், சார், இதே டோன்ல இன்னொரு தடவ சொல்லுங்களேன், ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்.”

திறவுசொல்லை மாற்ற முயன்றேன். ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்கள்.

தங்கராணியின் குரலில் கேலி இல்லை. “மேல உள்ளவங்க ஆலையவே அவனுவளுக்கு வாடகைக்கு வுட்டுட்டாங்க வாத்தியாரே. தண்ணிய விட இதுல வரும்படி ஜாஸ்தியாம். நான் கத்திப் பாத்துட்டேன். ஜூன் பத்து வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு இரும். கலத்துல உம்ம ஏத்திக் கொண்டாந்துடுதேன். எம் புள்ள மேல சத்தியம்.”

ஜூன் பத்து. கலம் வந்ததும் அதன் கதவு திறக்க வேண்டும், நான் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

பிழை இருக்கலாம்.

மே 18, 22:05

இந்தப் பதிவேட்டையும் அவர்கள் படிக்கிறார்கள். ‘கிழவரின் நாட்குறிப்பு’ என்று விளையாட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. நான் எழுத எழுத அங்கே தோன்றுகிறது. இருபத்திரண்டாம் பிரிவு.

அப்படியானால், படிக்கும் உங்களுக்கு: இது விளையாட்டு அல்ல. நான் உண்மையில் இருக்கிறேன். நீங்கள் காற்றைக் குறைக்கும்போது எனக்கு மூக்கில் இரத்தம் வருகிறது. நேரடி முறையிலிருந்து வெளியேறுங்கள். தயவுசெய்து.

22:20

“எழுதுறவன் யாருப்பா? அழுதுட்டேன்.”

“மூக்குல ரத்தமாம், செக் பண்ணலாமா?”

செய்து பார்த்தார்கள். வந்தது. கைதட்டும் படங்களாகப் போட்டார்கள்.

இன்று தரையிலிருந்து வேறு குரல். தங்கராணியை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். உதவி கேட்டேன்.

“சார், நான் உங்க ஃபேன் சார்! அந்த ‘நான் செத்துப்போவேன்’ ட்ரெய்லர்ல வருதே, எங்க வீட்ல எல்லாருக்கும் அதான் ரிங்டோன். அப்படியே அச்சு அசலா இருக்கு சார்.”

ஜூன் 10

07:00. கலம் தெரிகிறது. பையை எடுத்துக்கொண்டு இணைப்புக் கதவின் முன் உட்கார்ந்திருக்கிறேன். நீரிழிவு மாத்திரைகள், இரண்டு ஸ்வெட்டர்கள், அவ்வளவே.

07:40. கலம் வந்து பொருந்தியது. கதவு திறக்கவில்லை. கதவும் நேரடி முறையில் இருக்கிறது. நான்தான் வைத்தேன். முழுமையாக இருக்கட்டும் என்று.

07:45. திரையில் வாக்கெடுப்பு: ‘தாத்தாவை அனுப்பலாமா?’

“போனா கேம் முடிஞ்சிடுமே.”

“அவர் போயிட்டா நான் காலைல யார எழுப்புறது? லவ் யூ தாத்தா. நோ.”

“நோ. எங்க தாத்தா எங்களுக்கு வேணும்.”

07:50. கதவருகே கையால் சுழற்றும் அவசரச் சக்கரம் உண்டு. தரையின் அனுமதியின்றித் தொடக்கூடாது என்பது விதி. அனுமதி கேட்டேன்.

08:10. மீண்டும் கேட்டேன்.

08:30. ரோஷன்: “சார், எங்க கிளம்பிட்டீங்க? பதினேழாம் பிரிவு சார். பருவம் முடியலையே.”

08:40. கலத்துக்குக் குறிக்கப்பட்ட நேரம் முடிந்தது. மாற்று இயந்திரத்தையும் இறக்காமல் கிளம்பிவிட்டது. சன்னலில் அது சிறிதாகும்வரை பார்த்தேன். சக்கரத்தின் மேல் கை வைத்திருந்தேன். சுழற்றவில்லை. சுழற்றியிருந்தால் சுழன்றிருக்கும்.

ஜூன் 11, 07:30

தூங்கவில்லை. தூங்கவிடவில்லை.

ஒரு வழி இருக்கிறது. வெளியே அலைக்கம்பத்தின் அடியில் ஒரே ஒரு கம்பிவடம். அதன் வழியாகத்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள். வெட்டினால் தரையோடும் தொடர்பு போகும். ஆனால் வால்வுகள் என் கைக்குத் திரும்பும். அடுத்த கலம் வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். நேற்றே தோன்றியிருக்க வேண்டும். நேற்று அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளிக்கதவு அவர்கள் வசம். நான் வெளியே இருக்கும்போது பூட்டிவிட்டால் வடத்தை வெட்டும்வரை உள்ளே வர முடியாது. விண்ணுடையின் காற்று கம்பம்வரை போய்வரப் போதும். பழைய உடை. போதும் என்றே நினைக்கிறேன்.

ஆலையை விட்டு வெளியேறும் முன் எங்கே, எதற்கு, எந்த வழியில் என்று பதிவு செய்ய வேண்டும். படிப்பார்கள் என்று தெரியும். எழுதாமல் போகலாம் என்று கதவுவரை சென்று திரும்பி வந்தேன். ஒரு நாளும் எழுதாமல் வெளியே போனதில்லை. ஆகவே: அலைக்கம்பம், வடம் வெட்ட, கிழக்குச் சரிவு வழி.

07:48

ஓடுகிறது கீழே.

“கேபிளையா? அப்ப நமக்கு கேம் போயிடும்ல?”

“கிழக்குச் சரிவு. அங்க வெளிவிளக்கு இருக்கு. அத அணைச்சுட்டா?”

“டேய் வேணாம்டா, விழுந்துடுவார்.”

“விழட்டும், அப்பதான் திரும்பி வருவார். கதவ மட்டும் நான் பாத்துக்கறேன்.”

“வோட் போடுங்கப்பா.”

தலைக்கவசம் மாட்டியாயிற்று. கையுறையோடு எழுதுகிறேன், எழுத்து தவறினால் மன்னிக்கவும். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒருவர் வேண்டாம் என்றாரே. ஒருவர் இருந்தால் பலர் இருப்பார்கள். விளக்கை அணைக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். என் கணிப்பில் பிழை

ஜூன் 15, 06:10

உருக்குகலத்தின் அழுத்தம் சீர். தங்கும் அறையின் வெப்பம் சீர். காலைத் தேநீர், வழக்கம்போல் இரண்டு கரண்டி சர்க்கரையோடு.

வெளியே ஒரு சிறு நடை போய் வந்தேன். பூமி மிக அழகாக இருந்தது. இன்று இரண்டாம் பருவம் தொடங்குகிறது. எனக்குப் புதிய ஸ்வெட்டர்கள் வந்திருக்கின்றன. உங்களுக்குப் பிடித்த நிறத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். உங்கள் அன்புக்கு நன்றி. நான் எங்கும் போகப் போவதில்லை.

இதில் பிழை ஏதுமில்லை.