மீன் தொடாத நாக்கு

குனியின் அப்பாவுக்கு, உர்மிளா வணங்கி எழுதுவது. இங்கே நானும் குனியும் உங்கள் அம்மாவும் இருக்கிறோம். சூரத்தில் நீங்கள் நலமாயிருக்க தாராதாரிணி அம்மன் துணை நிற்கட்டும்.

கூரைக்கு வைக்கோல் மாற்றியாயிற்று. குனி பள்ளிக்கூடம் போகிறாள், அழுதுகொண்டே போகிறாள்.

என் நாக்குதான் பாடாய்ப் படுத்துகிறது. சிவந்து வீங்கி, தோலுரித்த தக்காளி மாதிரி வழவழவென்று கிடக்கிறது. பழையசோற்றுக்கு மிளகாய் கடித்தால் உயிர் போகிறது. உங்கள் அம்மா, "புருஷன ஏசின நாக்குடி, வேகாம என்ன செய்யும்?" என்கிறார். நான் எப்போது ஏசினேன்? பக்கத்து வீட்டு கௌரி, சூடு என்று நெய் தடவினாள். மருந்துக்கடைக்காரர் பூச்சி மாத்திரை கொடுத்தார். யார் பேச்சைக் கேட்பது?

கடைசியில் அஸ்கா ஆஸ்பத்திரி டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்து, "ஒடம்புல ரத்தமே இல்லையேம்மா, மீனெல்லாம் திங்கிறதில்லையா?" என்றார். ஊசி போட்டார். காரமும் சூடும் ஆகாது, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும் என்றார். இப்போது எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் ஊசி மட்டும் போதாதாம், மீன் தின்றே ஆக வேண்டுமாம்.

நீங்கள் ரயிலேறிய அன்று, திரும்பி வரும்வரை மீன் தொடுவதில்லை என்று அம்மனிடம் நேர்ந்துகொண்டேன். அடுத்த ராஜோ பண்டிகைக்கு வந்துவிடுவீர்கள் என்ற தைரியம்தான். எத்தனையோ ராஜோ வந்து போய்விட்டது. "நெத்தியில சிந்தூரம், தட்டுல மீனில்லாத கைம்பெண் சோறு" என்று குளத்தங்கரையில் சிரிக்கிறார்கள். தின்றால் நேர்ச்சை முறிந்து உங்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ? புருஷன் இருக்கிறவள் மீனை ஒதுக்குவதும் உங்களுக்குத்தானே ஆகாது? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

உங்களோடு தறியோட்டும் திபாகர் வந்திருந்தார். உங்களைப் பற்றிக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கான் அண்ணி, தனியா வீடு எடுத்திருக்கான்" என்றார், தலை நிமிராமலே. ஒற்றை ஆளுக்கு எதற்கு வீடு? அதுவும் விளங்கவில்லை.

வருவதானால் நாள் எழுதுங்கள். ரோகு மீன் வாங்கி, கடுகு அரைத்து வைக்கிறேன். முதல் துண்டை உங்கள் கையால் கொடுங்கள். வருவதற்கில்லை என்றால் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். கோபிக்க மாட்டேன். அன்றைக்கே மீன் தின்று, உடம்பைத் தேற்றி, குனியை வளர்க்க வேண்டும்.

நீங்கள் மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆள். யார் ஆக்கிப் போட்டாலும் வயிறாரச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
குனியின் அம்மா